கதவு இல்லாத பக்கம்

டார்னல் பார்க், கொலராடோ
மே 28, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? புது மாத்திரை கேட்கிறதா? தொலைபேசியில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது என்பதால் கடிதமே வசதி. உங்கள் தங்கை லவோன் தூங்குகிறாள். கை நடுக்கம் இருப்பதால் அவளுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

வண்டி வீட்டை ஊருக்கு மேற்கே மர ஆலைக்காரர் ஒருவரின் நிலத்தில் நிறுத்தியிருக்கிறேன். தண்ணீரும் மின்சாரமும் உண்டு, சாக்கடை இணைப்பு இல்லை. இணைப்பு உள்ள முகாம்கள் எல்லாம் செப்டம்பர் வரை போன வருடமே பதிவாகிவிட்டனவாம். ஆகவே வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே வேலை, வண்டிக் கழிவறைத் தொட்டியின் கழிவை இறக்க இடம் தேடுவது. இந்த ஊரில் பத்தடிக்கு ஒரு மிட்டாய்க் கடை இருக்கிறது. இத்தனை சனமும் தின்றதை எங்கே இறக்குவது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு திசையில் கை காட்டுகிறார்கள். சுற்றுலா அலுவலகத்துப் பெண் வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டுக் கொடுத்தாள். முதலாவது பெரிய சாலையில் பெட்ரோல் பங்க். வண்டிகள் பறக்கின்றன, சரிப்படாது. இரண்டாவது தேசியப் பூங்கா முகாம். முப்பது வண்டி வரிசை, பக்கத்திலேயே ஆறு. அதுவும் சரிப்படாது. மூன்றாவது காளைச் சவாரிப் போட்டி நடக்கும் ரோடியோ மைதானத்தின் பின்புறம். அதை நாளைக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொட்டி மூன்று நாளில் நிறைந்துவிடுகிறது.

லவோன் நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள்
ஓரின்


ஹேஸ்டிங்ஸ், நெப்ராஸ்கா
ஜூன் 6, 1996

ஓரினுக்கு,

முழங்கால் இருந்தபடியே இருக்கிறது. காதுதான் முன்னைவிட மோசம். போன வாரம் பாதிரியார் வந்து ஏதோ கேட்டார், மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன். தேவாலய விருந்துக்கு நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் என் தலையில் விழுந்தது.

நானும் என் புருஷன் மெர்லும் பிளாட் ஆற்றங்கரையில் இருபத்திரண்டு வருடம் வண்டி வீட்டு முகாம் நடத்தியவர்கள் என்பது உனக்கு மறந்துபோச்சா? நாற்பது கேலன் தொட்டி இரண்டு பேருக்கு ஒரு வாரம் தாங்கும். மூன்று நாளில் நிறைகிறது என்றால் உள்ளே யானை வளர்க்கிறாயா? அதோடு அந்த இடம் சரிப்படாது, இந்த இடம் சரிப்படாது என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன் மாதிரி என்ன இழுபறி? குழாயைச் செருகினோமா, கொட்டினோமா, கழுவினோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டிய காரியம் அது. அந்தக் கழிவுக் குழிகளில் நான் பார்க்காத மனிதர்கள் இல்லை, உன்னைப் போல் ஒருவரையும் பார்த்ததில்லை.

லவோனின் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. போன வருடம் டாக்டர் சொன்ன அன்று என் சமையலறையில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன் ஆர்லிஸ், அவள எந்த விடுதியிலயும் விடமாட்டேன்.” எங்கள் அம்மா மாவட்ட முதியோர் இல்லத்தில் ஜன்னலைப் பார்த்தபடியே ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த இடத்து வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. என் தங்கைக்கு அது வேண்டாம்.

நடுக்கமானாலும் பரவாயில்லை, அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல். இருவரும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

ஆர்லிஸ்


டார்னல் பார்க்
ஜூன் 19, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாலட் நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ரோடியோ மைதானத்துக் குழி அமைந்துவிட்டது. சாலையிலிருந்து தள்ளி, ஆற்றிலிருந்தும் தள்ளி, சுற்றிலும் வேலி. டிக்கெட் கூண்டில் ட்வைலா என்று ஒரு அம்மாள் சூரியகாந்தி விதை கொறித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வாய் சும்மா இருக்காது. “என்னா பெருசு, மூணு நாளைக்கு ஒருவாட்டி வந்து நிக்கிற? உள்ள சாப்பாட்டுக் கடை எதுவும் நடத்துறியா?” என்றாள் முதல் வாரமே. லவோனைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது. தன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள். “நீ வா கண்ணு, எங்கிட்ட ஒக்காரு. யோவ், நீ போயி ஒன் நாத்தத்தக் கொட்டிட்டு நிதானமா வா.” இப்போது நாங்கள் போகும்போதெல்லாம் லவோன் அவளோடு உட்கார்ந்து விதை கொறிக்கிறாள். பத்து நிமிட வேலைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் நிம்மதியாகக் கழிகிறது.

மேலே இன்னும் பனி உருகவில்லை. எல்க் மான்கள் காலையில் தபால் நிலையத்துப் புல்லில் மேய்கின்றன.

இத்துடன் லவோன் எழுதிய தாள். வெயில் களைப்பு, அதனால் கொஞ்சமாகத்தான் எழுதினாள்.

உங்கள்
ஓரின்


ஹேஸ்டிங்ஸ்
ஜூன் 30, 1996

ஓரினுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டிக் கேட்கிறேன்.

அந்தத் தாளில் “லவோன் தீசன்” என்று மட்டும் இருந்தது. உனக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பத்து நான்கு வருடம் ஆன பிறகு அவள் பிறந்த வீட்டுப் பெயரை எழுதியிருக்கிறாள். எழுத்தும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து. முற்பகல் முழுதும் அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆல்மா வந்து, “என்ன, வரிக் காகிதமா? மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் தொட்டியும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவும் அப்படித்தான். போய் வந்ததை மறந்து மறுபடி போவாள், தண்ணீரை இழுத்து விடுவாள், குழாயைத் திறந்து விட்டுவிட்டு அது எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

உள்ளதை எழுது ஓரின், திட்ட மாட்டேன். முடியாவிட்டால் அவளை இங்கே கூட்டி வா. மெர்ல் கொல்லையில் போட்ட சாக்கடை இணைப்பு இன்னும் நன்றாக இருக்கிறது. நீ எந்தக் குழியையும் தேடி அலைய வேண்டாம்.

அவளுக்கு என் முத்தம் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் ஆர்லிஸ் என்று சொல்.

ஆர்லிஸ்


டார்னல் பார்க்
ஜூலை 8, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

நீங்கள் திட்ட மாட்டேன் என்று எழுதியதை நான்கு தடவை படித்தேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒளித்தது தப்புதான். வீட்டை விற்றது மலை பார்க்க அல்ல. அந்த வீட்டுக்கு மூன்று கதவு. நான் ஒன்றைப் பூட்டினால் அவள் மற்றதில் இறங்கிப் போய்விடுவாள். மார்ச்சில் இரண்டு முறை ரயில் பாதையிலிருந்து கூட்டி வந்தார்கள். வண்டி வீட்டுக்கு ஒரே கதவு, அதனால் வாங்கினேன். உங்களிடம் ஓய்வுக்காலம், ஊர் சுற்றல் என்று கதை விட்டேன்.

ஆனால் அந்த ஒரு கதவு வலப்பக்கம் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, கழிவுத் தொட்டியின் வாய் எல்லா வண்டியிலும் ஓட்டுநர் உட்காரும் இடப்பக்கம். கையுறை போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கதவு எனக்குத் தெரியாது. மற்ற எந்த நேரமும் என் கண் அவள்மேல் இருக்கிறது, நான் குளிக்கும்போதுகூட அவள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து வாசலில் உட்கார வைத்திருப்பேன். அந்தப் பத்து நிமிடம்தான் என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் இடம் பொறுக்கினேன். கதவில் ஒரு மாட்டு மணியும் கட்டியிருக்கிறேன்.

உங்களிடம் கூட்டி வர எனக்கும் ஆசைதான். வரும் வழியில் அறுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துவிட்டாள். “எங்கூரு வந்துருச்சு, நான் எறங்கிக்கறேன்” என்று சொன்னாள். இனி அவளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

பதினைந்தாம் தேதி முதல் ரோடியோ. பத்து நாள் மைதானத்துக்குள் வண்டி வீடுகளை விட மாட்டார்களாம். வேறு இடம் பார்க்க வேண்டும். கவலைப்படாதீர்கள், சத்தியம் செய்தது செய்ததுதான்.

உங்கள்
ஓரின்


ஹேஸ்டிங்ஸ்
ஆகஸ்ட் 5, 1996

ஓரினுக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். லவோனின் பிறந்தநாளுக்கு அட்டை அனுப்பினேன், கிடைத்ததா? இங்கே வெயில் சோளத்தையே வாட்டுகிறது. தபால்காரன் என்னைக் கண்டால், “இன்னிக்கும் ஒண்ணும் இல்லம்மா” என்று தெருமுனையிலிருந்தே கை விரிக்கிறான், கத்தினாலும் எனக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டான்.

அவள் நன்றாக இருக்கிறாளா என்பதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆர்லிஸ்


டார்னல் பார்க்
ஆகஸ்ட் 17, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

கடிதங்களும் அட்டையும் கிடைத்தன. எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள், இங்கே தினமும் மதியம் இடியும் மழையும். லவோன் நன்றாக இருக்கிறாள். முடி வெட்டியிருக்கிறாள், அழகாக இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். அட்டையில் இருந்த பறவையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

மைதானத்துக் குழியை மறுபடி திறந்துவிட்டார்கள். ட்வைலா விசாரித்தாள். முன்போல் அலைச்சல் இல்லை, பதினாறு நாளுக்கு ஒரு தடவை போனால் போதுமாக இருக்கிறது. மலைச்சரிவில் மேலே இலைகள் அதற்குள் மஞ்சளாகின்றன. உங்கள் முழங்காலுக்கு வெயில் நல்லது என்பார்கள், காலையில் கொஞ்சம் வெளியே உட்காருங்கள்.

உங்கள்
ஓரின்


ஹேஸ்டிங்ஸ்
ஆகஸ்ட் 26, 1996

ஓரின்,

பதினாறு நாள் ஒரு ஆளுக்கு உரிய கணக்கு. அதுவும் பெரும்பாலும் வெளியே இருக்கிற ஒரு ஆளுக்கு.

என் தங்கை எங்கே?

ஆர்லிஸ்


டார்னல் பார்க்
செப்டம்பர் 4, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

லவோன் உயிரோடு இருக்கிறாள், உடம்புக்கும் ஒன்றும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊருக்கு மேலே ஒரு முதியோர் விடுதி இருக்கிறது. ஜூலை இருபத்திரண்டாம் தேதியிலிருந்து அங்கே இருக்கிறாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

ரோடியோ தொடங்கி மூன்றாம் நாள் தொட்டி விளிம்புவரை வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பெரிய சாலைப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். கூட்டம் இருக்காது என்று காலை ஏழு மணிக்கே போனேன். அவளுக்கு ஒரு இனிப்பு ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். எனக்குப் பின்னால் இரண்டு வண்டி வந்து நின்றன. முதல் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். “சீக்கிரம் ஆவட்டும் பெரியவரே, நாங்களும் டூர் போவணும்ல!” நான் தொட்டியைத் திறந்துவிட்டேன், பாதி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது கதவில் கட்டிய மாட்டு மணி அடித்தது.

எனக்குக் கேட்டது, ஆர்லிஸ். இதைத்தான் ஏழு வாரமாக எழுத முடியவில்லை. கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், பூங்காக் காவலரிடம் சொன்னேன், விடுதி டாக்டரிடம் சொன்னேன். எனக்கு நன்றாகக் கேட்டது. வால்வை மூடிவிட்டு ஓடியிருக்கலாம். நான் குழாயைக் கழுவினேன். குழியின் மூடியைப் போட்டேன். கையுறையைக் கழற்றி ஒழுங்காக மடித்தேன். ஒரு வருடமாக ஒரு நிமிடம்கூட அவளைப் பற்றி நினைக்காமல் இருந்ததில்லை. அந்த இரண்டு நிமிடம் எனக்கு நினைக்கப் பிடிக்கவில்லை. போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று நின்றேன். அந்தப் பக்கம் போனபோது கதவு திறந்து கிடந்தது, ரொட்டி படியில் இருந்தது.

ஆறு மணி நேரம் தேடினோம். ட்வைலா ரோடியோவை விட்டுவிட்டுக் குதிரைக்காரர்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். லவோன் ஆற்றின் நடுவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்து, உதடு நீலமாகி, செருப்பு இல்லாமல். என்னைப் பார்த்து, “எவ்ளோ நேரந்தான் வருவ? எனக்குப் பசிக்குது” என்றாள். காவலர் என்னைத் தனியே கூட்டிப்போய், “இன்னிக்கி ஆத்துல தண்ணி கம்மி பெரியவரே. எல்லா நாளும் இப்படி இருக்காது. ஒத்த ஆளு பாக்குற வேலை இல்ல இது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

விடுதியில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. காலையும் மாலையும் போய் நானே ஊட்டுகிறேன். இராத்திரிக்கு மட்டும்தான் வண்டிக்கு வருகிறேன். சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓரின்


டார்னல் பார்க்
அக்டோபர் 1, 1996

அன்புள்ள ஆர்லிஸ்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றும் தெரியும். இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு முறை தபால் நிலையத்துக்குப் போகிறேன். உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற கவலையும் இருக்கிறது. ஆல்மாவை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இங்கே எல்லாம் அடைபடுகிறது. பூங்காக் குழியில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், பெட்ரோல் பங்கில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மைதானத்துக் குழியும் பதினைந்தாம் தேதியோடு சரி. அதன்பிறகு கழிவு இறக்க நாற்பது மைல் கீழே போக வேண்டும், அதற்குள் என் வண்டிக் குழாய்களும் உறைந்துவிடும். மற்ற வண்டிகள் எல்லாம் வெயிலைத் தேடி அரிசோனாவுக்குக் கிளம்பிவிட்டன. “நீ எப்பய்யா கெளம்புற?” என்றாள் ட்வைலா. நான் எங்கே கிளம்புவது? லவோன் இங்கே இருக்கிறாள்.

போன ஞாயிறு அவள் தெளிவாக இருந்தாள். அரை மணி நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறந்துவிட்டாள், எனக்குத்தான் மறக்கவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

ஓரின்


ஹேஸ்டிங்ஸ்
அக்டோபர் 8, 1996

ஓரினுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கவலைப்படாதே.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்றே நான்கு பக்கம் பதில் எழுதினேன். அதில் உன்னைச் சொல்லாத சொல் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டினேன். பெட்டிவரை நடந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அடுப்பில் போட்டேன். உன்மேல் இருந்த கோபத்தால் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். உனக்குப் பதில் எழுதினால் இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதாமல் இருந்தேன்.

அம்மாவை அந்த இல்லத்தில் சேர்க்கச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. உங்கள் இருவரிடமும் டாக்டர் உத்தரவு என்று சொன்னேன். லவோன், “அம்மாவ எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போது முகாமில் எங்களுக்கு நல்ல பருவம். அம்மா இரவு உடையோடு வண்டி வண்டியாகப் போய்க் கதவைத் தட்டுவாள். வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கை வீட்டுக்கு அனுப்பினால், பெரியவள் பார்க்கவில்லை என்று ஊர் பேசும், அதுவும் எனக்கு வெட்கம். நீங்கள் இருவரும் மாநிலச் சந்தைக்குப் போயிருந்த நாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் விட்டேன். அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உனக்கு மணிச் சத்தம் இருக்கிறது. எனக்கு அந்த விரல்கள் இருக்கின்றன.

நீ என் சமையலறையில் செய்த சத்தியம் லவோனுக்காக நான் கேட்டது என்றுதான் இத்தனை நாளும் நம்பினேன். எனக்காகத்தான் கேட்டிருக்கிறேன். என் பாரத்தை உன் முதுகில் ஏற்றி அந்த மலைக்கு அனுப்பிவிட்டேன். அந்தச் சத்தியம் இல்லாவிட்டால் மே மாதமே யாரிடமாவது உதவி கேட்டிருப்பாய், அவள் ஆற்றுக்குப் போயிருக்க மாட்டாள். நீ நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் பாதி என்னுடையது ஓரின்.

நான் ஏறப்போகும் பஸ் பதினெட்டாம் தேதி மாலை நாலு மணிக்கு அங்கே வரும் என்கிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் அந்த மைதானத்துக்குப் போய் வண்டியைக் காலி செய்து, குழாய்களில் தண்ணீர் நிற்காமல் வடித்து மூடி வை. விடுதிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பார். படி ஏறும்படி இருக்கக் கூடாது. பனிக்காலம் முழுக்க இருப்பேன். ஒரு வேளை நீ ஊட்டு, ஒரு வேளை நான் ஊட்டுகிறேன்.

நான் வருவதை லவோனிடம் சொல்லாதே. அம்மாவைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்போது போய் அவள் முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லப்போகிறேன். என்னை அடையாளம் தெரிந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. தெரியாவிட்டால், யாரோ ஒரு கிழவி தன் தங்கையிடம் செய்த தப்பைச் சொல்லி அழுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். அவள் இரக்கமுள்ளவள், யார் அழுதாலும் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு. பஸ்ஸடியில் கத்திக் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. முன்னால் வந்து நில்.

ஆர்லிஸ்